நீர்க்கட்டியின் பேரன்

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., இயற்பியல்)

முதலாண்டில் ஒரு நாள் பிற்பகல் வகுப்பு. உண்ட மயக்கம் கண்ணைச் சுழற்றும் நேரம். பேராசிரியர் கரும்பலகையில் ஒரு தொட்டியை வரைந்து, அதன் அடிப்பக்கத்தில் ஒரு துளையையும் இட்டார். துளை வழியே பாயும் நீரின் வேகம், மேலே நிற்கும் நீரின் உயரத்துக்கு வர்க்கமூல விகிதத்தில் அமையும் என்றார். கலிலியோவின் மாணவரான டாரிசெல்லி பதினேழாம் நூற்றாண்டில் சொன்ன விதி அது. பிறகு எங்களைச் சோதிக்க எண்ணி, “உயரம் கால் பங்காகக் குறைந்தால் வேகம் என்ன ஆகும்?” என்று கேட்டார். “கால் பங்காகும்” என்று பல குரல்கள் எழுந்தன. நான் மட்டும், “பாதியாகும் ஐயா” என்றேன்.

“எப்படி?”

வர்க்கமூலத்தைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் தவறி, “எங்கள் தாத்தா சொல்லியிருக்கிறார், ஐயா” என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. “உன் தாத்தா என்ன வேலை பார்த்தார்?” என்று கேட்டார். “நீர்க்கட்டி” என்றேன். அந்தச் சொல்லுக்குப் பொருள் தெரியாத நண்பர்கள் மறுபடியும் சிரித்தார்கள். என்னை முன்னால் வரச் செய்து பத்து நிமிடம் பேசவைத்தார் பேராசிரியர். அந்தப் பத்து நிமிடத்தில் சொல்ல முடியாமல் போனதையெல்லாம் இந்த ஆண்டு மலரில் எழுத முனைகிறேன்.

எங்கள் ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில், உத்திரமேரூருக்குச் சில கல் தொலைவில் இருக்கிறது. எங்கள் ஏரிக்கு ஆயக்கட்டு நூற்று அறுபது ஏக்கர். மதகு இரண்டு, கலங்கல் ஒன்று. ஏரி நிறைந்து கலங்கலில் நீர் வழிந்தால் எங்கள் பக்கத்தில் ‘ஏரி கோடி போகிறது’ என்பார்கள். மேல்மதகுக்கு இரும்புத் திருகு பொருத்திவிட்டார்கள். அது துருவேறிப் பாதியில் நிற்கிறது. கீழ்மதகு இன்னமும் பழையதுதான். கரையிலிருந்து சில அடி உள்ளே, நீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றுக்குக் குறுக்கே கல் சட்டங்கள். சட்டத்தின் நடுத்துளை வழியே ஒரு நீண்ட கழி இறங்கும். கழியின் நுனியில் பம்பரம் போல் சீவிய கட்டை, அடியில் உள்ள கல் துளையை அடைத்துக்கொண்டிருக்கும். கழியைத் தூக்கினால் கரைக்குக் கீழே உள்ள வழியில் நீர் ஓடி வயலுக்குப் போகும். அந்தக் கழியைத் தூக்கும் உரிமை ஊரில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் உண்டு. அவர்தான் நீர்க்கட்டி. கம்புகட்டி என்றும் சொல்வார்கள். தெற்கே போனால் நீர்ப்பாய்ச்சி என்பார்களாம். பூட்டனார் வழியாக வந்த அந்த வேலையை என் தாத்தா ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்தார்.

கீழ்மதகின் தூணில் நான்கு கோடுகள் செதுக்கியிருக்கின்றன. நீர் மேல்கோட்டில் நின்றால் ஒரு காணிக்கு மூன்று நாழிகை பாய்ச்ச வேண்டும். கீழ்க்கோட்டுக்கு இறங்கிவிட்டால் ஆறு நாழிகை. இது தாத்தாவின் வாய்ப்பாடு. ஒரு கோடையில் ஏரி வற்றிக் கிடந்தபோது நாடா எடுத்துப் போய் அளந்தேன். துளையிலிருந்து மேல்கோடு எட்டு அடி. கீழ்க்கோடு இரண்டு அடி! உயரம் கால் பங்கு, வேகம் பாதி, ஆகவே நேரம் இரட்டிப்பு. (ஏரி மதகு கரும்பலகைத் தொட்டி அன்று, கரைக்கு அடியில் உள்ள நீண்ட வழியில் உராய்வும் உண்டு, ஆகவே கணக்கு அவ்வளவு துல்லியமாக வராது என்று பேராசிரியர் பிறகு எனக்கு நினைவூட்டினார். தாத்தாவிடம் சொன்னேன். “அதுக்குத்தான் வயல்ல கால வெச்சிப் பாக்கணும்” என்றார்.)

ஐப்பசியில் மழை தொடங்கினால் தாத்தா வீட்டில் படுக்கமாட்டாராம். கரையில் ஒரு குடிசை, ஒரு அரிக்கேன் விளக்கு, ஒரு மண்வெட்டி. எலி வளை, நண்டு வளை, பாம்புப் புற்று எதுவானாலும் அன்றைக்கே அடைபட்டாக வேண்டும். கரை ஒரு கை அகலம் கசிந்தாலும் பொழுது விடிவதற்குள் தண்டோரா போட்டு, வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தாக வேண்டும். தை பிறந்து நீர் குறையத் தொடங்கினால் முறை வைத்துப் பாய்ச்சுவது அடுத்த வேலை. தலைமடைக்காரர் கண் அயர்ந்த நேரம் பார்த்து வாய்க்காலைத் திருப்பிக்கொள்வார். கடைமடைக்காரர் நள்ளிரவில் வந்து சண்டைக்கு நிற்பார். இருவருக்கும் நடுவில் நின்றவர் என் தாத்தா. இதற்கு ஊதியம், அறுவடைக் களத்தில் காணிக்கு இத்தனை மரக்கால் என்று அளக்கும் நெல். அதற்கு மேரை என்று பெயர். விளைந்தால் உண்டு, விளையாவிட்டால் இல்லை.

ஆயக்கட்டில் அவருக்கு ஒரு குழி நிலமும் இல்லை. இதுவும் தற்செயல் அன்று. நிலம் உள்ளவன் கையில் கழியைக் கொடுத்தால் தன் வயலுக்கு முதலில் திருப்பிக்கொள்வான் அல்லவா? ஆகவே நிலமற்றவரைத் தேடி நியமித்தார்கள். எங்கள் பக்கத்துப் பல ஊர்களில் அந்த நிலமற்றவர் காலனியைச் சேர்ந்தவராகத்தான் இருந்தார். நூற்று அறுபது ஏக்கர் நீரையும் அவரை நம்பிக் கொடுத்தவர்கள், தாகத்துக்குக் கேட்டபோது குவளையில் கொடுக்கவில்லை, தூக்கித்தான் ஊற்றினார்கள். அவரைவிடப் பத்து வயது இளையவர்கள் ‘வாடா, போடா’ என்றார்கள். மேரை வாங்கக் களத்தின் ஓரத்தில் துண்டை இடுப்பில் கட்டி நின்றதை ஆயா சொல்லும்போதெல்லாம், தாத்தா எழுந்து வெளியே போய்விடுவார். பழைய ஏரிப் பராமரிப்பைப் புகழும் கட்டுரைகளை நம் நூலகத்தில் சிலவற்றைப் படித்திருக்கிறேன். அவற்றில் கரை உண்டு, மதகு உண்டு, மன்னர் உண்டு. களத்து ஓரம் மட்டும் இல்லை.

எட்டாம் வகுப்பில் எங்களை உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையை அவை விவரிக்கின்றன. ஏரிக்கென்றே தனி வாரியம். அதற்கு உறுப்பினர் ஆறு பேர். பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி நிற்க முடியாது. ஏரியில் தூர் வாரப் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க ஏற்பாடு செய்த கல்வெட்டுகளும், ஏரிக்கென ‘ஏரிப்பட்டி’ நிலம் விட்ட கல்வெட்டுகளும் தமிழகத்தில் உண்டு. வெட்டுவதற்குப் பணம் கொடுத்ததோடு விட்டுவிடாமல், ஆண்டாண்டுதோறும் காப்பதற்கும் பணம் வைத்தார்களே, அது பெரிய அறிவு! உத்திரமேரூரின் வைரமேக தடாகம் பல்லவர் காலத்தது. இன்றும் அதில் நீர் நிற்கிறது. அன்று பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

பதினோராம் வகுப்பில்தான் அதே கல்வெட்டில் உள்ள தகுதிப் பட்டியலை முழுமையாகப் படித்தேன். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருக்க வேண்டும். வேதக் கல்வி வேண்டும். அந்நாளிலும் மதகின் கழியை யாரோ ஒருவர் தூக்கியிருப்பார். அவர் பெயர் குடத்துக்குள் விழுந்திருக்க முடியாது.

அடுத்து வந்த ஆயிரம் ஆண்டுகளை நான் விரைவாகக் கடந்துவிடுகிறேன். கம்பெனி ஆட்சியில் ரயத்துவாரி முறை வந்தது. நிலத்தீர்வை உழவரிடமிருந்து நேராக அரசுக்குப் போனது. ஏரியைக் காக்க ஊர் ஒதுக்கிவைத்திருந்த மானியங்கள் சுருங்கின. வருமானம் அரசுக்கு, மராமத்து மட்டும் குடிகளுக்கு என்றால் எத்தனை நாள் ஓடும்? 1858-இல் சென்னை மாகாணத்தில் சட்டமே போட வேண்டியிருந்தது. கரை உடையும் ஆபத்தில் ஊரார் உழைப்பைக் கட்டாயமாக்கியது அந்தச் சட்டம். வழக்கமான குடிமராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் இடம் தந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு ஏரிகள் இரண்டாகப் பிரிந்தன. ஆயக்கட்டு நூறு ஏக்கருக்கு மேலிருந்தால் பொதுப்பணித் துறை. குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். தமிழகத்தில் 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. 1960-களில் ஏறத்தாழ ஒன்பது லட்சம் ஹெக்டேருக்கு நீர் தந்த அவை, இந்த நூற்றாண்டில் ஏறத்தாழ அதில் பாதிக்குத்தான் தருகின்றன.

இதற்குக் கிணற்றில் இறங்கிய மோட்டாரைக் குற்றம் சொல்பவர் பலர். 1990-இல் உழவர்களின் பம்பு செட்டுகளுக்கு மின்சாரம் முழு இலவசமானதும் எங்கள் ஊரிலும் ஆழ்துளைக் கிணறுகள் பெருகின. கிணறு வைத்தவர் ஏரி வேலைக்கு வரவில்லை, மேரையும் அளக்கவில்லை. ஆனால் நான் அவர்களைக் குறை கூற மாட்டேன். முறைக்காகக் காத்துக் கிடப்பதும், தலைமடைக்காரரிடம் கெஞ்சுவதும் இல்லாமல், நினைத்தபோது விசையைத் தட்டினால் நீர் வரும் என்றால் யார்தான் விரும்பமாட்டார்? எங்கள் தெருவில் பங்குக்குப் பயிர் வைத்த இரண்டு குடும்பங்கள் முதன்முதலில் எவரிடமும் தலைசொறியாமல் நெல் விளைவித்தது கிணற்று நீரில்தான்.

ஆனால் கிணற்றுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? ஏரி நிறைந்த ஆண்டில் ஆயக்கட்டுக் கிணறுகளில் நீர் எட்டிப் பார்க்கும். ஏரி வறண்ட ஆண்டில் குழாய் காற்றைத்தான் கக்கும். ஏரியின் அடியில் இறங்கும் நீரே கிணற்றின் முதல். முதலைக் கவனியாமல் வட்டியை மட்டும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாற்பது அடியில் கிடைத்த நீர், இன்று எங்கள் ஊரில் இருநூறு அடிக்குக் கீழே போய்விட்டது.

தாத்தா 1998-இல் கழியை வைத்துவிட்டார். மூன்று ஆண்டுகளாகத் தொடர்ந்து மேரை வரவில்லை. எவரும் அவரைப் போகச் சொல்லவில்லை. எவரும் இருக்கவும் சொல்லவில்லை. நைனா அதற்கு முன்பே கொத்து வேலைக்குப் போய்விட்டார்.

2017 மார்ச்சில் தமிழக அரசு குடிமராமத்துத் திட்டத்தை மீண்டும் தொடங்கியது. எங்கள் மாவட்டத்து மணிமங்கலம் ஏரியில்தான் தொடக்க விழா. முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள். செலவில் பத்தில் ஒரு பங்கைப் பாசனதாரர்கள் பணமாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு, நல்ல பெயரும்கூட. பின்னர் ஒரு கோடையில் எங்கள் ஏரியிலும் வேலை நடந்தது. எந்தத் திட்டத்தில், யார் எடுத்தார் என்பதெல்லாம் இங்கே வேண்டாம். மண்வெட்டியோடு ஒருவரும் வரவில்லை, பொக்லைன் வந்தது. உள்கரையின் காலடியை ஒட்டியே அது ஆழமாகத் தோண்டியது. கரையோர மண் அள்ளி லாரியில் ஏற்ற வசதியாக இருந்தது போலும். தாத்தா வெயிலில் தடியூன்றிப் போய், “கால ஒட்டி எடுக்காதீங்க சாமி, நடு ஏரில எடுங்க” என்றார். பல ஆண்டுகளாகப் படிந்த களிவண்டல்தான் கரையின் உள்பக்கத்துக்கு மெழுகுபோல் இருந்து நீரைத் தடுப்பது. அதைச் சுரண்டினால் நீர் கரைக்குள் புகும். வண்டி ஓட்டிய பையன் காதில் கருவி மாட்டிப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். வேலையை எடுத்தவர் அன்று அங்கே இல்லை.

2021 நவம்பர். அந்த மழை நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் ஏரி கோடி போனது. மூன்றாம் நாள் இரவு பத்து மணிக்குமேல் ஊரிலிருந்து இருவர் மோட்டார் சைக்கிளில் எங்கள் தெருவுக்கு வந்து, “கட்டி வீடு எது?” என்று கேட்டார்கள். இருபத்து மூன்று ஆண்டுகளாக அந்தப் பெயரில் யாரும் அவரைத் தேடவில்லை! நான் தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்துப் போனேன். கீழ்மதகுக்குச் சற்றுத் தள்ளி, கரையின் வெளிப்புற அடிவாரத்தில் நீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. இருபது பேர் மணல் மூட்டைகளை அதன் மேல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தார்கள். அமுக்க அமுக்க அது பக்கத்தில் ஓரிடத்தில் புதிதாகப் பீறிட்டது.

தாத்தா குனிந்து அந்த நீரைக் கையில் ஏந்தி விளக்கொளியில் பார்த்தார். “தெளிஞ்ச தண்ணி வந்தா பயமில்ல. இது கலங்கி வருது. கரை உள்ளுக்குள்ள கரையுது. மூட்டய எடுங்க. வெளிய அடைச்சா வேற எடத்துல புட்டுக்கும். உள்ள வாய் எங்க கீதுன்னு தேடணும்” என்றார். எவரோ ஓடிப்போய் ஒரு கூடை உமி கொண்டுவந்தார்கள். கரையின் உள்பக்கம் நீர்மேல் உமியைத் தூவச் சொன்னார். காற்றுக்கு எல்லா உமியும் ஒரு பக்கம் ஒதுங்கியது. ஓரிடத்தில் மட்டும் ஒரு பிடி உமி மெல்ல மெல்லச் சுழன்றது. “அதான்” என்றார். வைக்கோலைப் பிரிபோல் முறுக்கிக் களிமண்ணில் தோய்த்து, இடுப்பில் கயிறு கட்டிய இரண்டு இளைஞர்கள் இறங்கி அந்த வாயில் திணித்தார்கள். வெளிப்பக்கத்தில் கொப்பளித்த இடத்தை மூடாமல், அதைச் சுற்றி மட்டும் கிணற்றுச் சுவர்போல் மூட்டை அடுக்கச் செய்தார். சுவருக்குள் நீர் ஏற ஏற, வெளிவரும் வேகம் குறைந்தது. மேலே உள்ள நீருக்கும் கீழே உள்ள நீருக்கும் உயர வேறுபாடு குறைந்தால் வேகமும் குறையும், இதுவும் டாரிசெல்லிதான்! ஆனால் அன்று எனக்கு அந்தப் பெயர் தெரியாது. விடியற்காலை நான்கு மணிக்கு நீர் தெளிந்து வரத் தொடங்கியது. உள்வாய் இருந்த இடம், பொக்லைன் தோண்டிய பள்ளத்துக்கு நேர் மேலே.

அன்று காலை ஊர்க்காரர் ஒருவர் கண்ணாடிக் குவளையில் தேநீர் கொண்டுவந்து தாத்தாவின் கையில் கொடுத்தார். மறக்கக் கூடாதென்று இதையும் எழுதுகிறேன்.

தை மாதம் ஆயக்கட்டுதாரர் கூட்டம் நடந்தது. தாத்தாவை அழைத்திருந்தார்கள். நானும் போனேன். அவருக்கு நாற்காலி போட்டார்கள், அவர் உட்காரவில்லை. மறுபடியும் கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வயதாகிவிட்டதென்றால் வீட்டிலிருந்து வேறு ஒருவர் வந்தாலும் சரி, காணிக்கு இவ்வளவு என்று பழையபடி மேரை தருகிறோம் என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். தாத்தா வெகு நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சங்கத்துல பேரு சேப்பீங்களா?” என்று கேட்டார்.

கூட்டத்தில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துக்கொண்டார்கள். படித்த ஒருவர் பொறுமையாக விளக்கினார். தமிழ்நாடு விவசாயிகள் பாசன அமைப்புகள் மேலாண்மைச் சட்டம் 2000-இல் வந்தது. அதன்படி அமைவதுதான் நீரைப் பயன்படுத்துவோர் சங்கம். ஆயக்கட்டில் நிலம் உடையவரே அதில் உறுப்பினர். அவர் சொன்னதில் பிழையில்லை. பிறகு நான் சரிபார்த்தேன். கி.பி. 919-இல் கால் வேலி நிலம். 2000-இல் எவ்வளவு சிறிதானாலும் பட்டா. வேதமும் வயது வரம்பும் போய்விட்டன. அது பெரிய மாற்றந்தான், மறுக்கவில்லை. ஆனால் நீரைக் கையால் தொட்டுக் காப்பவருக்கு நீரைப் பற்றிப் பேச இடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. நடுநிலைக்காக நிலமில்லாதவரைத் தேடுவார்கள். நிலமில்லை என்பதால் அவரை வெளியே நிறுத்துவார்கள்.

தாத்தா கோபப்படவில்லை. “ரோசன பண்ணி சொல்றேன்” என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். துண்டு தோளில் கிடந்ததைப் பார்த்தேன். வழியில் என்னிடம் ஒரே ஒரு சொல் சொன்னார்: “நீ காலேஜுக்குப் போ.”

வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். வந்த பிறகும் ஏரி என்னை விடவில்லை. பாலமோ, பள்ளிக்கூடமோ, கரையோ, கட்டுவதற்குத் தொகை ஒதுக்குகிறோம், கல்வெட்டு வைக்கிறோம், மாலை போடுகிறோம். கட்டியதை நாள்தோறும் போய்ப் பார்க்க ஒரு மனிதருக்குச் சம்பளம் ஒதுக்க மட்டும் நமக்கு மனம் வருவதில்லை. என் எண்ணத்தை ஒரு தாளில் எழுதினேன். ஏரி மீன் குத்தகையிலும் கரைப் பனை, புளிய மரக் குத்தகையிலும் வரும் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு, எந்தச் சாதியினராயினும் தகுதியுள்ள ஒருவரை மாதச் சம்பளத்துக்குக் கரைக்காவலராக நியமிக்க வேண்டும். சங்கக் கூட்டத்தில் அவர் உட்கார்ந்து பேச வேண்டும். ஏரியில் இயந்திரம் இறங்குமுன் அவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டும். இவ்வளவுதான். 2025 ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதைப் படித்தேன். கால் நடுங்கியது.

எதிர்ப்பு வரவில்லை. தீர்மானப் புத்தகத்தில் ‘பரிசீலிக்கப்படும்’ என்று எழுதிக்கொண்டார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து கடைமடையில் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு பெரியவர் எழுந்தார். “எல்லாம் சரி தம்பி. சம்பளமும் நாற்காலியும் குடுத்தா நீ வருவியா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்டார். தாத்தாவிடம் இந்த வேலையைப் படித்தவன் ஊரில் நான் ஒருவன்தான் என்று அவருக்குத் தெரியும்.

நான் பதில் சொல்லவில்லை. எம்.எஸ்ஸி. படிக்க வேண்டும், ஆசிரியராக வேண்டும் என்பதெல்லாம் நினைவில் வந்தது. களத்து ஓரம் நினைவில் வந்தது. ‘வரமாட்டேன்’ என்று சொல்லவும் நா எழவில்லை. ‘வருவேன்’ என்று பொய் சொல்லவும் எழவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் தாத்தா கேட்டார்: “இன்னா சொன்ன?”

“ஒண்ணும் சொல்லல தாத்தா.”

“செரி” என்றார். அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை.

அன்று முதல் விடுமுறை நாள்களில் இருவரும் கரையில் நடக்கிறோம். அவர் தடியால் தட்டிக் காட்டுவார். நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். கலங்கலிலிருந்து எத்தனை அடியில், உள்பக்கமா வெளிப்பக்கமா, எலி வளையா கசிவா, வேலிகாத்தான் வேர் இறங்கிய இடமா என்று இதுவரை பதினான்கு இடங்கள் ஏறியிருக்கின்றன. அவற்றில் ஐந்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நைனாவும் என் நண்பர்கள் இருவரும் வந்து அடைத்தார்கள். கீழ்மதகுத் தூணில் கீழ்க்கோடு தேய்ந்துவிட்டதாம். கோடையில் ஏரி வற்றியதும் அதை மறுபடி செதுக்க வேண்டும் என்கிறார் தாத்தா. நைனாவின் உளியைக் கேட்டு வைத்திருக்கிறேன்.